உச்சந்தலையில் புள்ளி விழாத ஊர்

நாள் முழுக்க அடுத்தவர் தலைக்குள் எட்டிப் பார்ப்பது என் தொழில். ஆனால் யார் என்ன நினைக்கிறார்கள் என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடைத்தாள் திருத்துகிறவர்களே, அச்சுப்பிழை பார்க்கிறவர்களே, புதியம்புத்தூரில் தைத்து முடித்த சட்டையை வெளிச்சத்தில் பிடித்து நூல் விட்ட இடம் தேடுகிறவர்களே, கொஞ்சம் என் பக்கத்தில் உட்காருங்கள். சின்னதைத் தேடிப் பிழைக்கிறவர்களுக்கெல்லாம் கண்வலி ஒரே மாதிரிதான். ஆயிரம் கண்டுபிடித்தாலும் யாரும் பேசமாட்டார்கள். ஒன்று தப்பினால் அதைப் பற்றித்தான் பேச்சு.

ஒன்றாம் வகுப்பு

அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கும் ரேடியோகிராபராக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன். கல்லூரியில் படித்தது இயற்பியல், ஆசைப்பட்டது தமிழ், கிடைத்தது இருட்டறை. ஓய்வுக்குப் பின் சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறமும் காலையில் இரண்டு டம்ளரில் காபி ஊற்றி, ஒன்றைத் திரும்பப் பாத்திரத்திலேயே கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் கோவில்பட்டியில் ஸ்கேன் சென்டர் நடத்தும் டாக்டர் செல்வமணி கூப்பிட்டனுப்பினார்.

வேலை இதுதான். ஒரு பொறியியல் கல்லூரிக்காரர்கள், மூளை ஸ்கேனில் இருக்கும் சின்னச் சின்னப் புண்களைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். டீப் லேர்னிங் என்று பெயர். விதி எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. புண் இருக்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு ஆயிரக்கணக்கில் படங்களைக் காட்டினால், அது பார்த்துப் பார்த்துத் தானாகவே பிடித்துக்கொள்ளும். வட்டம் போட ஓர் ஆள் வேண்டும். போட்டதை டாக்டர் சரிபார்ப்பார். நம் பக்கத்தில் வலிப்பு என்று வருகிறவர்கள் பலருக்கு நாடாப்புழுவின் குஞ்சோ காசநோய்க் கட்டியோ மூளைக்குள் ஓர் உளுந்து அளவில் உட்கார்ந்திருக்கும்; படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். பெரும்பாலும் மருந்தில் தீர்ந்துவிடும். யார் கண்ணிலாவது பட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் முருகேஸ்வரிக்கு என் மகள் வயது இருக்கும். முதல் நாள் எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அவள் பாணியில் வேலையை விளக்கினாள்: "ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் வேலதான் மேடம். என்ன, இந்தப் பிள்ள ஒண்ணுக்குப் போகணும்னு நடுவுல விரல நீட்டாது."

மேலக்காடு

ஆரம்பத்தில் அந்தப் பிள்ளை கண்டதையெல்லாம் புள்ளி என்றது. ரத்தக் குழாயைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதுவும் வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். மூளையை அடியிலிருந்து உச்சிவரை தோசைகளை அடுக்கியதுபோல நூற்றுக்கு மேற்பட்ட படங்களாக எடுக்கிறோம். சந்தேகம் வந்தால் மேலும் கீழும் உருட்டிப் பார்க்க வேண்டும். படத்துக்குப் படம் தொடர்ந்து ஓடினால் அது குழாய். ஓரிரண்டு படங்களில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தால் அது நோய். எல்லாத் தேடலிலும் இதுதான் கணக்கு; தொடர்வது பயமில்லை, தனித்து நிற்பதுதான் பயம்.

நாகலாபுரத்திலிருந்து காடு உழுது பிழைக்கிற ஒரு சம்சாரி வந்திருந்தார். மறதி அதிகமாகிவிட்டது என்று மகன் கூட்டி வந்திருந்தான். தன் மூளையைத் தானே பார்க்காமல் எழுந்து போகமாட்டேன் என்று திரை முன்னால் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் ஓர் இடத்தில் பச்சைக் கட்டம் போட்டிருந்தது. "அது என்ன பச்சையா?" என்றார். உருட்டிக் காட்டி, "ரத்தம் ஓடுத பாத அண்ணாச்சி, ஓடை மாதிரி. பயமில்ல" என்றேன். அவர் பச்சையை விட்டுவிட்டு மற்றதைப் பார்க்க ஆரம்பித்தார். வயதானால் மூளை சுருங்கி மடிப்புகளுக்கு நடுவே இடைவெளி விழும். அந்தக் கறுத்த பிளவுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மகனிடம் திரும்பினார்: "ஏலே, சித்திரையில நம்ம மேலக்காடு வெடிச்சுக் கெடக்கிற மாதிரியேல்ல இருக்கு. ஒரு மழ விழுந்தா மூடிக்கிடும்லா?"

உள்ளே அடிக்கிறவன்

வெள்ளையம்மாள் செம்மறி மேய்க்கிறவள். ஓயாத தலைவலி. எம்.ஆர்.ஐ. அறை பெரிய காந்தம். ஊசிகூட உடம்பில் இருக்கக்கூடாது. முருகேஸ்வரி கேட்கக் கேட்க, ஜாக்கெட்டிலிருந்தும் முந்தானையிலிருந்தும் தாலிச் சரட்டிலிருந்தும் ஊக்குகள் வந்துகொண்டே இருந்தன. "முள்ளு எடுக்க வேண்டாமா தாயி, காட்டுல டாக்டரா நிக்காவ?" என்றாள். குழாய்க்குள் இருபது நிமிஷத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும். அது தட்டுகிற தட்டில் படித்தவர்களே பாதியில் எழுந்து ஓடியிருக்கிறார்கள். இவள் கட்டைபோலக் கிடந்தாள். படம் அவ்வளவு சுத்தம். அதற்குள் கம்ப்யூட்டரும் தேறிவிட்டிருந்தது. ரத்தக் குழாயைக் குழாய் என்று அறிந்து, பொய்க் கட்டம் ஒன்றுகூடப் போடாமல் "புள்ளி இல்லை" என்றது. டாக்டரும் அதையே சொன்னார். எங்களுக்கெல்லாம் அதன் மேல் மரியாதை வந்த காலம் அது.

வெளியே வந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் குத்திக்கொண்டே வெள்ளையம்மாள் முருகேஸ்வரியிடம் கேட்டாள்: "கொட்டுச் சத்தம் நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஒரு அடியப் பிடிச்சுத் தலையாட்டலாம்னு பாத்தா அதுக்குள்ள மாத்திப்புடுதான். எவன் அடிக்கான் உள்ள?"

பாதி வார்த்தை

கருப்பசாமி கழுகுமலைக்கும் கோவில்பட்டிக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை டீக்கடையில் வடைக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நின்றவருக்கு வலது கால் இழுத்துக்கொண்டு, கீழே விழுந்து உடம்பு வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. இரண்டு நிமிஷம் இருக்கும். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "டயமாச்சு" என்று வண்டியைப் பார்க்க நடந்தாராம். மனைவி பேச்சியம்மாள் கழுகுமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறவள். மறுநாளே கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். "ஸ்கூல் பிள்ளைகளா ஏறுத வண்டி. என்ன ஏதுன்னு தெரியாம ஸ்டியரிங்க தொடக்கூடாது" என்பது அவள் கட்சி. "ராத்திரி தூங்கல, அதான்" என்பது அவர் கட்சி.

படங்களைக் கம்ப்யூட்டர் பார்த்தது. பச்சைக் கட்டம் எதுவும் இல்லை. நான் பார்த்தேன், எனக்கும் எதுவும் படவில்லை. டாக்டருக்கு மதியம் வேறோர் ஊரில் வேலை. உருட்டிப் பார்த்துவிட்டு, "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. ஆனாலும் நரம்பு டாக்டரைப் பார்த்து அவர் சொல்ற வரைக்கும் வண்டி எடுக்கக்கூடாது" என்றார். முதல் வாக்கியம் முடிந்ததுமே கருப்பசாமி எழுந்து கும்பிட்டுவிட்டார். இரண்டாவது வாக்கியம் அவர் முதுகில் பட்டுக் கீழே விழுந்தது. வாசலில் நின்று, திங்கட்கிழமையிலிருந்து வண்டிக்கு வந்துவிடுவதாக முதலாளிக்குப் போன் செய்வது எங்கள் காதில் விழுந்தது. பேச்சியம்மாள் ஸ்கேன் கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்களிடம் சொன்னாள்: "கண்டக்டர் விசிலு ஊதி முடிக்க முன்னாலயே வண்டிய எடுத்துப் பழகின ஆளும்மா. இவியளுக்கு யாரு சொன்னாலும் பாதிதான் காதுல ஏறும்."

வெறும் உச்சி

திங்கட்கிழமை காலை கல்லூரியிலிருந்து நந்தினி ஒரு படம் அனுப்பினாள். கம்ப்யூட்டருக்குப் பாடம் ஏற்றுகிற பேராசிரியை அவள்; வெளியூர்க்காரி. அனுப்பியது ஒரு மூளையின் கோட்டுப்படம். இதுவரை எத்தனையோ தலைகளில் கம்ப்யூட்டர் கண்ட புள்ளிகளையெல்லாம் சேர்த்து அந்த ஒரே மூளையின் மேல் தூவியிருந்தாள். நெற்றிப் பக்கம், காதோரம், பிடரி என்று மழைக்கு மறுநாள் ஈசல் விழுந்ததுபோல எங்கும் புள்ளிகள். உச்சியில் மட்டும் ஒன்றுமில்லை. வழித்த சட்டிபோல இருந்தது.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணுதோ?" என்று போனில் கேட்டேன். நந்தினி இன்னொரு படத்தை அனுப்பினாள். அது கம்ப்யூட்டர் கண்டது இல்லை. பாடத்துக்காக நான் கையால் போட்ட வட்டங்கள். அதிலும் அதே இடம் வெறுமையாக இருந்தது. அவள் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: "மேடம், உங்க ஊர்ல யாருக்குமே உச்சந்தலையில புள்ளி விழாதா?"

கட்டைவிரல் நின்ற இடம்

பதில் என் வலது கையில் இருந்தது. நான் வேலை பார்த்த காலத்தில் ஸ்கேன் என்றால் ஃபிலிம்தான். ஒரு பெரிய ஃபிலிமில் வரிசை வரிசையாகப் படங்கள். முதல் வரிசையில் மூளையின் அடி, கடைசி வரிசையின் மூலையில் உச்சி. விளக்குப் பெட்டி பழுதாகியே கிடக்கும். அதனால் ஃபிலிமின் கீழ் மூலைகளைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். படம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து உள்ளே அனுப்புவதுதான் என் வேலை. நோய் பார்ப்பது டாக்டர். முப்பத்திரண்டு வருஷமாக அந்த மூலைப் படங்களின் மேல் என் வலது கட்டைவிரல் நின்றிருக்கிறது. மறைந்ததைப் பாராமலே முடித்துக்கொள்ள என் கண் பழகிவிட்டது. இப்போது ஃபிலிம் இல்லை, ஜன்னல் இல்லை, கையில் மவுஸ்தான். இருந்தும், உச்சியை நெருங்கும்போது என் விரல் தானாக அடுத்த ஆளுக்குத் தாவிக்கொண்டிருந்திருக்கிறது. பார்க்காமல் விட்டோம் என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் வட்டம் போடாத இடத்தில் நோய் இருக்காது என்று அந்தப் பிள்ளையும் கற்றுக்கொண்டுவிட்டது.

பழைய ஸ்கேன்களின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். உச்சியில் புள்ளி இருந்த ஏழெட்டுப் பேருக்கு அந்தந்த டாக்டர்கள் அப்போதே சரியாக எழுதி வைத்தியம் நடந்திருந்தது. அந்தமட்டுக்கும் மூச்சு வந்தது. பிறகு சனிக்கிழமை எடுத்த கருப்பசாமியின் படத்தைத் திறந்து, விரலைக் கட்டுப்படுத்திக்கொண்டு, கடைசிவரை உருட்டினேன். உச்சிக்கு இரண்டு விரல் கீழே, காலை ஆட்டுவிக்கிற இடத்தில், ஓர் உளுந்து அளவு வெள்ளை வளையம் இருந்தது. நடுவில் ஊசி முனைபோல ஒரு புள்ளி, புழுவின் தலை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்: "கட்டம் இல்லைன்னதும் நானும் அந்த இடத்தை வேகமா தள்ளிட்டேன். நீங்க போட்ட வட்டத்தைத்தான் சரிபாத்தேன், போடாததை நான் எங்க பாத்தேன்? அது இருக்கட்டும், அந்த டிரைவர் இப்ப எங்க?"

முந்தானையில் சாவி

கருப்பசாமியின் போன் அடித்து அடித்து நின்றது. வண்டியில் இருக்கிறவர் போனை எடுக்கக்கூடாதுதான். அந்த நல்ல பழக்கத்தை அன்றைக்கு நான் சபித்தேன். மணி பன்னிரண்டாகப் போகிறது. பேச்சியம்மாள் நம்பரும் பதிவேட்டில் இருந்தது. ஒரே அழைப்பில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் என்ன ஏது என்று கேட்கவில்லை. "பன்னெண்டு அஞ்சுக்கு வண்டிய எடுப்பாவ" என்றாள். போன் அணையவில்லை. அவள் ஓடுகிற மூச்சும் செருப்புச் சத்தமும் கேட்டன. அப்புறம் இன்ஜின் சத்தம், விசில், பலபேர் குரல். நான் இந்த முனையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். என் தொழிலில் இதுவரை எதையும் காதால் பார்த்ததில்லை.

டிரைவர் பக்கத்து ஜன்னல் வழியாகக் கையை விட்டு வண்டியை அணைத்து, சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டிருக்கிறாள். முருகேஸ்வரிக்கு இதைப் பத்துத் தடவையாவது அப்புறம் நடித்துக் காட்டினாள். அன்றைக்குப் போனில் சொன்னது இவ்வளவுதான்: "சாவி எங்கிட்ட இருக்கும்மா. உள்ள இருக்கிறவிய பூரா என்னய ஏசுதாவ. ஏசட்டும், உசிரோடதான ஏசுதாவ."

சனிக்கிழமை எங்கே போச்சு

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் வந்தார்கள். கருப்பசாமி உட்காரவில்லை. திரையில் வளையத்தைக் காட்டினேன். "சனிக்கிழம எங்க போச்சு இது?" என்றார். "அங்கதான் இருந்துச்சு. நான் பாக்கல." "எந்திரம்?" "அதுக்கும் நாந்தான் சொல்லிக்கொடுத்தேன். நான் பாக்காத எடத்த அதுவும் பாக்காது." டாக்டர் குறுக்கிட்டு, தப்பில் தனக்கும் பங்கு உண்டு என்றார். சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புழு என்ற சொல்தான் பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "பன்னிக்கறியில வருத புழுவா? இவிய முட்டகூட தொட மாட்டாவளே." டாக்டர் பொறுமையாக விளக்கினார்: கறி தின்றால்தான் வரும் என்றில்லை, கழுவாத வெங்காயத்திலும் மல்லித் தழையிலும் புழுவின் முட்டை ஒட்டிக்கொண்டு வரும், மாத்திரையில் கரையும், நரம்பு டாக்டர் சொல்லுகிற வரைக்கும் வண்டி ஓட்டக்கூடாது. டீக்கடை வெங்காயத்தை நினைத்துப் பேச்சியம்மாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். கருப்பசாமி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். என்னிடம், "எல்லா வண்டியிலயும் கண்ணாடிக்குத் தெரியாத எடம் ஒண்ணு உண்டும்மா. அதுக்குத்தான் பின்னால கண்டக்டர் நிக்காரு" என்றார். பேச்சியம்மாள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்: "அப்ப அந்தக் கண்டக்டர் வேலையப் பாருங்க. மொதலாளிகிட்ட நானே பேசுதேன்."

இரண்டு பிறை

வட்டம் போட்டிருந்த எல்லாப் பழைய ஸ்கேன்களையும் திரும்ப எடுத்தேன். ஒவ்வொன்றிலும் நான் விட்ட உச்சியை மட்டும் பார்க்க வேண்டும். நாலு மாதம் ஆனது. சம்பளத்துக்குச் செய்யவில்லை, வேண்டுதல்போலச் செய்தேன். மேலே போகப் போக மூளை சிறுத்துக்கொண்டே வருகிறது. கடைசிப் படங்களில், நடுவில் ஒரு கறுத்த கோட்டோடு, இரண்டு பிறைகள் முகம் பார்த்து நிற்கின்றன; அடுத்த படத்தில் அவையும் இல்லை. இவ்வளவு அழகான ஒன்றை ஒரு கட்டைவிரலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு வாழ்நாளைக் கழித்திருக்கிறேன். கொஞ்சம் துக்கமாக இருந்தது. கடைசியிலாவது பார்த்தேனே என்று நிறைவாகவும் இருந்தது.

நந்தினி புதிய வட்டங்களைச் சேர்த்து மறுபடியும் பாடம் ஏற்றினாள். முதல் வாரம் கம்ப்யூட்டர் உச்சியில் இருந்த சாதாரண ரத்தக் குழாய்களுக்கெல்லாம் கட்டம் போட்டுத் தள்ளியது. முருகேஸ்வரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சொன்னாள்: "ஏச்சு வாங்கின பிள்ள மாதிரி, போகச் சொன்ன எடத்துலயே போயி நிக்கி மேடம். ரெண்டு நாள் விடுங்க, கோவம் தெளிஞ்சிரும்."

மறு ஸ்கேன்

ஆறு மாதம் கழித்து நரம்பு டாக்டர் கருப்பசாமியை மறு ஸ்கேனுக்கு அனுப்பினார். தோளில் டிக்கெட் பையோடு வந்தார். அதற்குள் ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. மாத்திரையைப் பேச்சியம்மாள் எண்ணிக் கொடுக்கிறாள். கம்ப்யூட்டர் பார்த்தது; கட்டம் இல்லை. நான் அடியிலிருந்து உச்சிவரை ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். வளையம் இருந்த இடம் சுத்தமாக இருந்தது. டாக்டர் அன்றைக்கு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. நிதானமாகக் கடைசிப் படம்வரை பார்த்தார்.

"புழு போயிட்டு" என்றேன். "ஆனா மாத்திரைய நிறுத்தக்கூடாது. ஸ்டியரிங்குக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்." கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டிக்கெட் பையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத்தன வருசமா முன்னால ரோட்ட மட்டுந்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். முதுகுக்குப் பின்னால யாரு இருக்காவன்னே தெரியாது. இப்பத்தான் எந்தப் பிள்ள எங்கன இறங்கும்னு தெரியுது. மெதுவா ஓட்டிக்கிடுதேன், அவசரமில்ல."

"ஒன்றுமில்லை" என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு கம்ப்யூட்டர், நான், டாக்டர் என்று மூன்று பேர் உச்சிவரை ஏறி இறங்க வேண்டியிருக்கிற தொழில் இது; அந்த மூவரில் களைப்பே தெரியாதவருக்குத்தான் சம்பளம் கிடையாது.